போர்டில் போட்ட விலையும் கையிலிருந்து போகும் பணமும்

கல்லூரிக் கட்டணம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள், இ-சேவை மையம் ஒன்றில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிகளில் ஒரு அப்பாவும் மகளும். மகள் ஒரு கல்லூரியின் கட்டணப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து காட்டினாள். அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஆறு இலக்கம். "வேற பாரும்மா" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாம் பத்து வினாடிதான். பெண்ணின் மதிப்பெண், படித்த பள்ளி, சாதிச் சான்று, வீட்டு வருமானம், வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி உண்டா என்ற விவரம், எதுவும் அந்தப் பத்து வினாடிக்குள் பேச்சில் வரவில்லை. அந்த ஆறு இலக்கத்தில் எத்தனை இலக்கம் அவர் தலையில் விழும் என்பதை முடிவு செய்பவை அவைதான்.

இந்தப் பகுதிக்குப் பெற்றோர் அனுப்பும் கேள்விகளில் பெரும்பகுதி இந்தப் பத்து வினாடியைச் சுற்றியே வருகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வந்த சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே வேண்டும்? கட்ட முடியாது என்று தெரிந்த கல்லூரிக்கு எதற்கு விண்ணப்பம் போட வேண்டும்?

"கட்ட முடியாது என்று தெரிந்த" என்கிறீர்களே, அது எப்படித் தெரிந்தது? இணையத்தில் போட்டிருக்கும் கட்டணம், எந்தச் சலுகையும் இல்லாதவருக்கான கட்டணம். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பது விண்ணப்பித்து, இடம் ஒதுக்கப்பட்டு, சலுகை கழிந்த பிறகுதான் தெரியும். விண்ணப்பம் போட்டால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போடாவிட்டால், பிறகு சலுகை வந்தாலும் அது உங்களைத் தேடி வராது.

2020 நவம்பரில் நடந்ததை இதற்காகவே அடிக்கடி சொல்வேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் முதன்முறையாக மருத்துவக் கலந்தாய்வு நடந்தது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்ந்து 405 இடங்கள். தனியார் கல்லூரியில் இடம் வந்த சில பிள்ளைகள், ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்றதும் இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்கள். கூலி வேலை பார்க்கும் வீடுகள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த சில நாள்களுக்குள் அரசு அறிவித்தது: அந்தக் கட்டணத்தை அரசே கட்டும். விட்டுவிட்டு வந்தவர்களில் சிலர் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. போர்டில் போட்ட விலை ஒரே வாரத்தில் மாறிப்போனது, அதுவும் இடத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு.

எல்லா ஆண்டும் இப்படிப் புதிய அறிவிப்பு வரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே இருக்கிற திட்டங்களே யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் கிடக்கின்றன.

ஐ.ஐ.டி.யில் ஆண்டுக்கு 2 லட்சமாமே? என் வருமானமே அவ்வளவுதான்.

2016-இல் ஐ.ஐ.டி.களின் பி.டெக். கல்விக் கட்டணம் 90 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. அந்தச் செய்தி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதே உத்தரவில் இருந்த தள்ளுபடி போய்ச் சேரவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கல்விக் கட்டணமே கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் குறைவென்றால், எந்தப் பிரிவாக இருந்தாலும், முழுத் தள்ளுபடி. 1 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. என்.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம் என்று நிர்ணயித்தபோதும் இதே தள்ளுபடிதான்.

உங்கள் கணக்கைப் போடுவோம். வருமானம் 2 லட்சம் என்கிறீர்கள். 2 லட்சத்தில் மூன்றில் இரண்டு போனால் மிச்சம் ஏறத்தாழ 67 ஆயிரம். நீங்கள் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட அல்லது சீர்மரபினர் வகுப்பு என்றால், ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழக மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் வரை மாநில அரசு தரும் உதவித்தொகை இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால், ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் இளநிலைப் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2022 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள்.

பக்கத்து ஊர் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் அதே 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது பெரும்பாலும் 2 லட்சமாகவே இருக்கும். இரண்டு போர்டிலும் ஒரே எண். உங்கள் வீட்டுக்கு இரண்டும் வெவ்வேறு விலை. இங்கேதான் அநேகம் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் தலைகீழாக. ஐ.ஐ.டி. பெரிய இடம், நமக்குச் சரிவராது என்று ஒதுங்கிவிட்டு, நாலு தெரு தள்ளியிருக்கிற காஸ்ட்லியான இடத்தைச் சிக்கனம் என்று நினைத்துப் பிடிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்குத்தான். விடுதி, மெஸ், ரயில் டிக்கெட் எல்லாம் தனி. பட்டியல் சாதி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை, மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகையில் முதலாண்டு 86 ஆயிரமும் அடுத்த ஆண்டுகளில் 41 ஆயிரமும் இதர செலவுக்கென்றே தருகிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு. அதனால் சேர்ந்த வாரமே கேட்டுவிட வேண்டும்.

7.5 சதவீதத்தில் வந்தால் உண்மையிலேயே ஒரு பைசாகூட வேண்டாமா?

மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் வந்த ஒதுக்கீடு இது. இதில் இடம் பெற்றவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசு கட்டுகிறது. கல்லூரி தனியாராக இருந்தாலும் இதுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் சில பெற்றோர், விருப்பப் பட்டியலில் கட்டணம் குறைந்த கல்லூரியை மேலேயும் நல்ல கல்லூரியைக் கீழேயும் போடுகிறார்கள். கட்டணத்தை அரசு கட்டும்போது அந்த வரிசைக்கு என்ன பொருள்? பிடித்ததை மேலே போடுங்கள்.

இந்த ஒதுக்கீட்டில் வராதவர்களுக்கும், உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வருகிறது: பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மெஸ் பில் கட்டிப் பார்க்காதவர்கள்.

எங்கள் பிள்ளை தனியார் பள்ளி. எங்களுக்கு ஒன்றுமே கிடையாதா?

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் உண்டு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால், ஆண்டுக்கு 25 ஆயிரம் ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழியும். பள்ளி அரசா தனியாரா என்று பார்ப்பதில்லை. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. சான்று தாசில்தார் தருவது, இ-சேவையில் பதியலாம். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நாளில் போய் நிற்பார்கள். ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள்.

இங்கே நான் கண்ணால் பார்த்த ஒரு கட்டணச் சீட்டைச் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரி, பெயர் வேண்டாம். கலந்தாய்வில் இடம் பெற்ற பையன். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55 ஆயிரம், இல்லையென்றால் 50 ஆயிரம் என்று நிர்ணயித்தது. சீட்டின் முதல் வரி அதன்படியே 55,000. அதில் முதல் பட்டதாரி 25,000 கழிந்து 30,000. அடுத்த வரி, பஸ்: 38,000. அதற்கடுத்து 'டிரெய்னிங்' 15,000. கடைசியில் 'இதர' என்று 12,000. மொத்தம் 95,000. அந்த அப்பா கல்விக் கட்டணத்துக்காக மூன்று கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர். பஸ் கட்டணத்தை ஒன்றில்கூடக் கேட்கவில்லை. படிப்பை விடப் பஸ் எட்டாயிரம் கூடுதல்!

ஆகவே விசாரிக்கப் போகும்போது "பீஸ் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "முதல் வருஷம் முடிவதற்குள் என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு வாங்குவீர்கள், எந்தெந்த மாதம்?" என்று கேளுங்கள். பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தைப் பற்றி அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தனியார் கல்லூரியிலும் கட்டணம் இல்லை என்கிறார்கள். கல்லூரியில் கேட்டால் முதலில் கட்டுங்கள், பிறகு வரும் என்கிறார்கள்.

குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் கட்டாயக் கட்டணங்கள் அடங்கும். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை என்று 2018 விதிமுறையிலேயே சொல்லிவிட்டார்கள். கலந்தாய்வு வழியாக வந்திருக்க வேண்டும். முன்பணம் கேட்டு வாசலிலேயே நிறுத்தினால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்குப் பதில் வராது. உதவித்தொகை ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். தாத்தா பெயரில் இருக்கிற பழைய பாஸ்புக் உதவாது. பையன் பெயரிலேயே கணக்கு வேண்டும்.

ஒரு கல்லூரியில், இப்போதே 25 ஆயிரம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் பதிவு செய்தால் மொத்தத்தில் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ரிசல்ட் வந்தால் விலை ஏறிவிடுமாம்.

ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியும் இப்படித்தான் முடியும், "இன்றே கடைசி" என்று. நிதானமாக இருங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை, 7.5 சதவீதம், போஸ்ட் மெட்ரிக், வட்டி மானியம் என்று இதுவரை சொன்னதும் இனிச் சொல்லப்போவதும் ஏறக்குறைய எல்லாமே கலந்தாய்வு அல்லது தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு. நிர்வாக ஒதுக்கீட்டுக் கதவு வழியாக உள்ளே போனால் அத்தனையும் வெளியே நின்றுவிடும். குறைத்துத் தருவதாகச் சொல்லும் பத்தாயிரத்துக்காக ஆண்டுக்கு 25 ஆயிரத்தை விடுவது என்ன கணக்கு? நான்கு ஆண்டுக்கு அது ஒரு லட்சம்.

நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவது 1992-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படியே குற்றம். ரசீது தராத பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு ஆதாரம் கேட்டால் யாரிடமும் இருக்காது.

விண்ணப்பக் கட்டணமே கையைக் கடிக்கிறதே? பத்து இடத்துக்குப் போட்டால் பத்தாயிரம் ஆகிறது.

பத்து இடத்துக்குப் போட வேண்டாம். பொறியியல் கலந்தாய்வுக்கு ஒரே பதிவு, 500 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 250. அந்த ஒரு பதிவில் மாநிலம் முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஒரு டீயின் விலையில் கால்வாசிகூட இல்லை.

ஜே.இ.இ. மெயின் அண்மை ஆண்டுகளில் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 1,000, பெண்களுக்கு 800, பட்டியல் பிரிவினருக்கு 500. சட்டப் படிப்புக்கான கிளாட் மட்டும் உண்மையிலேயே அதிகம், 4,000 ரூபாய். பட்டியல் பிரிவினருக்கு 3,500. ஏழைப் பிள்ளைகளைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டு வருவதற்காகப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கிய ஐ.டி.ஐ.ஏ. என்ற அமைப்பு, பயிற்சியும் உதவியும் தருகிறது. தொடங்கியவர் 2019-இல் காலமாகிவிட்டார், அமைப்பு நடக்கிறது.

பணத்தைவிடத் தேதிதான் இங்கே கழுத்தைப் பிடிக்கிறது. ஜே.இ.இ. மெயின் முதல் அமர்வு ஜனவரியில். அதற்கான பதிவு முந்தின நவம்பரிலேயே முடிந்துவிடுகிறது; அப்போது பிள்ளை அரையாண்டுத் தேர்வுகூட எழுதியிருக்காது. "மார்க் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இருப்பவர்களுக்கு மே மாதத்தில் அந்தக் கதவு இருந்த இடம்கூடத் தெரியாது.

பழைய, பேர்பெற்ற கலைக் கல்லூரி ஒன்றில் ஒரே படிப்புக்கு இரண்டு கட்டணம் சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

ஒன்று அரசு உதவி பெறும் பிரிவு, மற்றது சுயநிதிப் பிரிவு. 'ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு' என்பார்கள். ஒரே வளாகம், ஒரே பட்டம், கட்டணத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி. பெரிய கட்டணத்தைக் கேட்டுவிட்டு ஓடிவராமல் முதல் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் வைத்திருப்பார்கள். ஒன்றைப் போட்டால் மற்றதிலும் சேரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கல்விக் கடன் வாங்கலாமா? வங்கியில் சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள். அப்பாவுக்கு சிபில் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று கேள்வி இருக்கிறது. கடைசியிலிருந்து வருகிறேன்.

சிபில்: கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு மாணவர் வழக்கில், சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்றது. மேலாளரிடம் இதைச் சொல்லி வாதம் செய்யச் சொல்லவில்லை. மறுப்பதானால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டதும் பல கோப்புகளுக்கு உயிர் வருவதைப் பார்த்திருக்கிறேன். மாவட்ட நிர்வாகம் நடத்தும் கல்விக் கடன் முகாமில் எல்லா வங்கியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அங்கே அப்பாவின் குரலுக்கு ஆட்சியரின் குரலும் துணைக்கு வரும்.

பத்திரம்: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம், நம் பங்காக முன்பணமும் வேண்டாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்து. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னே நிற்கும் நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன். வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால், 10 லட்சம் வரையான கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் 3 சதவீத வட்டி மானியம். இதற்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்று வரம்பு. வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குத் தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளில் அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே தரும் பழைய திட்டமும் இருக்கிறது.

வாங்கலாமா: 4 லட்சம் கடன், ஆண்டுக்கு ஒரு லட்சமாக எடுக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பும் அதற்கடுத்த ஓராண்டும் முடியும்போது தனிவட்டியே 1.4 லட்சம் ஏறியிருக்கும். பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை 7,100 ரூபாய்ச் சொச்சம். முழு வட்டி மானியம் கிடைத்திருந்தால் 5,300-க்குள். முதல் சம்பளம் 18 ஆயிரம் என்றால் இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு மாத மளிகை. ஆகவே மானியம் கிடைக்கும் கல்லூரியா, பாடப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள்.

என் சொந்த அளவுகோல் ஒன்று உண்டு, யாரும் ஏற்க வேண்டியதில்லை. அந்தத் துறையில் முந்தின ஆண்டு சேர்ந்தவர்களில் நடுவில் நிற்கிறவரின் சம்பளம் என்ன என்று சீனியர் பிள்ளைகளிடமே விசாரிப்பேன். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸில் சிரிக்கிற 40 லட்சக்காரரின் சம்பளத்தை விட்டுவிடுவேன். மாதத் தவணை அந்த நடுச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கடன் வேண்டாம். அதற்காகக் கந்துவட்டிக்குப் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மகளுக்கு சென்னையில் இடம் வரும்போல இருக்கிறது. கட்டணம் சமாளிக்கலாம், தங்குகிற செலவுதான் பயமாக இருக்கிறது.

அரசின் கல்லூரி மாணவர் விடுதிகளை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், ஆதிதிராவிடர் நல விடுதிகள். 2025 ஜூலையிலிருந்து எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர். உணவும் தங்குமிடமும் இலவசம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. எல்லா விடுதியும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். நேரில் போய் சமையல்கட்டையும் குளியலறையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் என்று போட்டிருக்கிற தனியார் பல்கலைக்கழகங்கள்கூட "உதவித்தொகை உண்டு" என்று விளம்பரம் செய்கின்றனவே, நம்பலாமா?

இரண்டு வகை இருக்கிறது. குடும்ப நிலைமையைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பது ஒன்று. ஹரியானாவின் அசோகா பல்கலைக்கழகமும், பெங்களூருவின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் அப்படித் தருகின்றன; முழுத் தள்ளுபடி வரை உண்டு. வேலூர் வி.ஐ.டி.யில் 'ஸ்டார்ஸ்' என்ற திட்டத்தில் மாவட்டந்தோறும் கிராமப்புற அரசுப் பள்ளியில் முதலிடம் பெறும் ஒரு மாணவருக்கும் ஒரு மாணவிக்கும் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். இவற்றுக்குத் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

இன்னொரு வகை, மதிப்பெண்ணுக்குத் தருவது. "50 சதவீத ஸ்காலர்ஷிப்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டாம் ஆண்டிலும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், ஒரு அரியர் விழுந்தால் என்ன ஆகும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். முதல் செமஸ்டரில் கணக்கில் ஒரு பேப்பர் போவது உலக வழக்கம். அந்த ஒரு பேப்பருக்கு ஒரு லட்சம் விலை என்றால், அந்தச் சலுகையை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெளிநாடு?

அமெரிக்காவில் போர்டு விலைக்கும் கட்டும் பணத்துக்கும் இடைவெளி நம்மூரைவிட அதிகம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்கள், வெளிநாட்டு மாணவரின் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்கிட்டு மீதியைத் தாங்களே தருகின்றன. பணம் கேட்டதற்காக விண்ணப்பத்தைத் தள்ளுவதில்லை. ஆனால் அங்கே நுழைவது குதிரைக் கொம்பு. அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டவருக்கு அப்படித் தருவதில்லை. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோ முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். கட்டணம் இல்லாத படிப்பு என்ற பேச்சில் இது பத்து லட்சத்துக்கு மேல் வருகிற முதல் செலவு.

ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டோம். பிறகு நல்ல இடம் வந்தால் கட்டின பணம் போச்சா?

போகாது. 2024-25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. சொன்னது: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31-க்குள் என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆண்டுதோறும் தேதி மாறும், சுற்றறிக்கையைப் பாருங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தேதி நிற்கும்.

இவ்வளவு சலுகையும் இருக்கட்டும். இடம் கிடைத்த அன்றைக்கு என்ன கட்டுவது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சலுகையெல்லாம் பிறகு வரும். இடத்தை உறுதிசெய்யும் தொகையை அன்றைக்கே கேட்பார்கள்.

2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் கிடைத்தது. பட்டியல் சாதி மாணவர். நான்கு ஆண்டுக்கும் கல்விக் கட்டணம் இல்லை. கட்ட வேண்டியிருந்தது 17,500 ரூபாய், ஜூன் 24 மாலை 5 மணிக்குள். ஊரில் அங்கே இங்கே என்று புரட்டி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்தக் குடும்பம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம், செப்டம்பர் 30 அன்று, அரசமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அதே இடத்தில் சேர்க்கச் சொன்னது. கடைசி மணி நேரத்தில் 17,500 புரளாததற்காக ஒரு பிள்ளை மூன்று மாதம் மூன்று மாநிலம் அலைந்தது.

அதனால் நான்கு ஆண்டுக்கு எட்டு லட்சத்தை எங்கே போய்ப் புரட்டுவது என்று இப்போதே தூக்கம் கெட வேண்டாம். ஜூன் முதல் வாரத்துக்குள் பிள்ளையின் பெயரில் உள்ள கணக்கில் ஒரு முப்பது, முப்பத்தைந்தாயிரம் இருக்கட்டும். சீட்டுப் பிடித்திருந்தால் மே மாதத்தில் எடுங்கள். மகளிர் குழுவில் கேட்பதானால் இப்போதே சொல்லி வையுங்கள். ஏ.டி.எம். கார்டின் தினசரி வரம்பும் யு.பி.ஐ. வரம்பும் எவ்வளவு என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் இருந்தும் வரம்பு தாண்டி நின்றுபோன பரிவர்த்தனைகளைக் கலந்தாய்வு உதவி மையத்தில் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் மாலை வரை காத்திருக்காமல் முதல் நாள் காலையிலேயே கட்டிவிடுங்கள்.